கல்லாவில் குறையும் பணம் யார் பொறுப்பு?

தமிழ்நாட்டின் நகரங்களில் பல்பொருள் அங்காடி, துணிக்கடை, காபிக் கடை ஆகியவற்றின் பில்லிங் கவுன்டருக்கு ஆள் எடுக்கும் நேர்காணல், முன் அனுபவம் தேவையில்லை என்ற அறிவிப்போடு நடந்து சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், முதல் வேலை தேடி வரும் இளைஞர்கள் அதைப் பெயருக்கு நடக்கும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். ஆனால், இந்த ஆளை நம்பிப் பணத்தை ஒப்படைக்கலாமா, வரிசை நீளும்போது இவர் பதறாமல் இருப்பாரா என்ற இரண்டையும் கடைக்காரர் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் எடைபோடுகிறார்.

387 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய்த் தாளோடு 7 ரூபாய்ச் சில்லறையும் தரும் வாடிக்கையாளருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது போன்ற கணக்கு, 120 என்ற விடைக்காக மட்டுமின்றி, விடை சொல்பவரின் நிதானத்தை அறியவும் கேட்கப்படுகிறது. கொடுத்தது 200 ரூபாய்த் தாளாக இருக்க, 500 கொடுத்ததாக ஒருவர் வாதிட்டால் என்ன செய்வீர்கள் என்பது இன்னும் நல்ல கேள்வி. வாங்கிய தாளை மீதி கொடுத்து முடிக்கும்வரை பெட்டிக்குள் போடாமல் கண்ணெதிரே வைத்திருப்பதும், அதையும் மீறித் தகராறு எழுந்தால் குரல் உயர்த்தாமல் மேற்பார்வையாளரை அழைத்துக் கல்லாவை எண்ணிப் பார்ப்பதுமே அதற்குப் பொருத்தமான விடை.

வேலை கேட்டு வந்தவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு; அவற்றில் முதன்மையானது ‘ஷார்ட்’ பற்றியது. காலையில் சில்லறைக்காக வைத்த தொகையோடு அன்றைய ரொக்க விற்பனையைக் கூட்டினால் வரும் தொகைக்குக் கீழே, இரவில் எண்ணிய பணம் எவ்வளவு குறைகிறதோ, அதுவே ஷார்ட் எனப்படுகிறது. இதைக் கேள்விமுறையின்றிச் சம்பளத்தில் பிடிப்பது சில கடைகளில் வழக்கமாக இருந்தாலும் சட்டம் அதை ஏற்பதில்லை: தொழிலாளியின் கவனக்குறைவே இழப்புக்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும், அவர் தம் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், பிடித்தம் இழப்பின் அளவைத் தாண்டக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வகுத்தது, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்நெறியையே பின்பற்றுகிறது. ஒரே பெட்டியில் மூவர் கைவைக்கும் கடையில் குறைந்த பணத்துக்கு எவருடைய கவனக்குறைவு காரணம் என்று சொல்லவே முடியாது. ஆகவே, கல்லாவை ஒருவர் மட்டுமே கையாள்வாரா, ஷிஃப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுவார்களா என்று வேலையில் சேரும் முன்பே கேட்பது, நேர்மையாக வேலை செய்ய விரும்புகிறவருக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு.

பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் உண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும். உட்கார இருக்கை உண்டா என்று கேட்கவும் கூச வேண்டியதில்லை. கேரளம் 2018-இல் செய்ததைப் போல், தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தருவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கல்விச் சான்றிதழ்களின் அசலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு நகலை மட்டும் தருவதே முறை. அசலை ஈடாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் கடை, பிடிக்காத வேலையை விட்டு வெளியேறும் வழியை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது என்பதால், அத்தகைய வேலையை மறுத்துவிடலாம்.