துறைமுக நகரின் நுண்கலைகள்

ஹாங்காங் நகரத்துக் கலைகளைப் பற்றிப் பேசப் புகுமுன் சென்னையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் சின்னரி என்னும் ஆங்கில ஓவியர் 1802-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் வந்து இறங்கினார். கும்பினி அதிகாரிகளின் உருவங்களைத் தீட்டிப் பொருள் ஈட்டினார். 1807-இல் கல்கத்தாவுக்குச் சென்று பெரும் புகழையும், அதனினும் பெரிய கடனையும் சேர்த்துக்கொண்டார். கடன்காரர்களுக்கு அஞ்சி 1825-இல் சீனக் கரையிலுள்ள மக்காவுக்குக் கப்பலேறியவர், 1852-இல் அங்கேயே மறைந்தார். இடையே 1846-இல் சில மாதங்கள் ஹாங்காங்கில் தங்கினார். பிரிட்டிஷார் அத்தீவைக் கைப்பற்றி அப்பொழுது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

சீன ஓவியர்கள் பட்டிலும் தாளிலும் மையும் நீரும் கொண்டு எழுதுபவர்கள். ஒருமுறை விழுந்த கோட்டை அழிக்க இயலாது. வெற்றிடமும் அங்கே ஓவியத்தின் ஓர் உறுப்பு. எழுதாமல் விட்ட வெண்மையே மூடுபனி ஆகும், ஆறும் ஆகும். ஆங்கிலேயர் கொண்டுவந்த எண்ணெய் வண்ணமோ ஒளியையும் நிழலையும் அடுக்கடுக்காகப் பூசி உருவத்தைத் திரட்டிக் காட்டுவது. இவ்விரண்டும் சந்தித்த இடங்களுள் ஒன்று கான்டன் நகரத்துக் கடைத்தெரு. மேனாட்டு மாலுமிகளும் வணிகர்களும் ஊருக்கு எடுத்துச் செல்லப் படம் கேட்டனர். சீனத் தொழிலாளர் எழுதிக் கொடுத்தனர். கண்ணாடியின் பின்புறத்தில் எழுதும் வித்தையிலும் அவர்கள் வல்லவர். அதில் எல்லாம் தலைகீழ்: கண்மணியின் ஒளிப்புள்ளியும் நகையின் மினுக்கும் முதலில், பின்னணி கடைசியில். அக்கலை வணிகக் கப்பல்களோடு நம் நாட்டுக்கும் வந்தது. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைக் கண்டவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

அக்கடைத்தெருவில் லாம்குவா என்றொருவர் இருந்தார். சின்னரியின் பாணியை அச்சு அசலாகக் கைக்கொண்டவர். குறைந்த விலைக்கும் எழுதினார். அவர் தம் மாணாக்கர் அல்லர் என்று சின்னரி மறுத்ததாகக் கூறுவர். மறுத்ததில் கலைக் கவலை எவ்வளவு, வியாபாரக் கவலை எவ்வளவு என்பது நேயர்களின் ஊகத்துக்கு உரியது. ஆயினும் லாம்குவாவை வெறும் நகலர் என்று தள்ளிவிட இயலாது. பீட்டர் பார்க்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் கான்டனில் மருத்துவமனை நடத்தினார். அங்கு வந்த நோயாளிகளின் பெருங்கட்டிகளை லாம்குவா எண்ணெய் வண்ணத்தில் பதிவு செய்தார். எண்பதுக்கு மேற்பட்ட அப்படங்கள் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. காணக் கூசும் கட்டிகளுக்கு மேலே அமைதியான முகங்கள் நம்மையே நோக்குகின்றன. முறை ஆங்கிலேயருடையது, அம்மனிதர்களை அவ்வாறு நோக்கிய கண் லாம்குவாவினுடையது. இரவல் கருவியில் செய்த வேலை யாருடையது என்ற வினா, பிற மொழியாரிடையே பிழைக்கும் நம்மில் பலருக்கு ஏட்டளவான வினா அன்று.

ஆட்சியாளர் கலைக்கு என்ன செய்தனர் என்று கேட்டால், நெடுங்காலம் அதிகமில்லை என்றே சொல்ல வேண்டும். 1869-இல் திறந்த நகர மண்டபத்தின் பெரும்பகுதியை வங்கிக் கட்டடத்துக்காக 1933-இல் இடித்தனர். புதிய மண்டபம் 1962-இல்தான் எழுந்தது. நகரின் கலைக்கூடமும் அதில்தான் பிறந்தது.

அதற்கு முன்னரே சீனத்து உள்நாட்டுப் போரும் 1949-ஆம் ஆண்டு மாற்றமும் ஓவியர் பலரை ஹாங்காங்குக்குத் துரத்தியிருந்தன. 1948-இல் வந்த லூயி ஷௌ-க்வான் பகலில் படகுத்துறைக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் தூரிகை எடுத்தவர். மையையும் தாளையும் அவர் கைவிடவில்லை. அகன்ற கருமை வீச்சுகள், அவற்றின் மேல் தாமரையை நினைவூட்டும் ஒரு சிவப்புத் தீற்று, அவ்வளவே. மேனாட்டு அரூப ஓவியத்தை அறிந்த கை அது. எனினும் அது பேசுவது தியான பௌத்தத்தை. அவரிடம் பயின்றவர்கள் வளர்த்ததே புதிய மை ஓவிய இயக்கம். லாம்குவா வாங்குவோருக்காகக் கலந்தார். இவர் தமக்காகக் கலந்தார்.

இசையிலும் இதே கதை. லூ வென்செங் என்னும் கலைஞர் 1920-களில் சீனத்து இருதந்தி வில் வாத்தியத்தில் பட்டு நரம்பை நீக்கி, வயலினின் எஃகுத் தந்தியைப் பூட்டினார். அதுவே காவ்ஹூ, கான்டன் இசையின் தலைமைக் குரல் ஆயிற்று. நம் பாலுஸ்வாமி தீக்ஷிதர் வயலினையே எடுத்துத் தரையில் அமர்ந்து வாசிக்கச் செய்தார். லூ வென்செங் தந்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஹாங்காங் 1997-இல் சீனத்துடன் மீண்டும் இணைந்தது. அங்கே செல்ல வாய்ப்புள்ளவர்கள் கௌலூன் கரையிலுள்ள கலைக்கூடத்தை முதலில் காண்க. கான்டன் வணிக ஓவியங்களும் லூயியின் மை ஓவியங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 2021-இல் திறந்த எம் பிளஸ் கூடம் நம் காலத்துக் கலைக்கு உரியது. அதற்கு ஒரு முழுநாள் வேண்டும். கான்டன் இசை நாடகத்துக்கு 2019-இல் எழுந்த ஷீச்சூ மாளிகை அழகியதுதான். என்றாலும் வாய்த்தால் கோயில் விழாக்காலத்தில் மூங்கில் கொட்டகையில் பாருங்கள். ஆணி இன்றி மூங்கிலைக் கட்டியே எழுப்பும் அக்கொட்டகை கோயிலை நோக்கி நிற்கும். முதல் ரசிகர் தெய்வம். நமக்கு இடம் அதற்குப் பின்னால்தான்.