பனிக்கால விழா மேடை அலங்காரம்

பனிக்கால விழா மேடை அலங்காரம் என்பது மார்கழி, தை மாதங்களில் பள்ளிகளில் நடைபெறும் நடன நிகழ்ச்சிகளுக்காக மேடையையும் அரங்கையும் பனியை நினைவூட்டும் வகையில் அழகுபடுத்துவதைக் குறிக்கும். தஞ்சாவூரை உள்ளடக்கிய காவிரி வடிநிலப் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு இதனைக் குறைந்த செலவில் செய்யலாம்.

பெயர் விளக்கம்

தமிழில் பனி என்னும் சொல் உறைபனி, மூடுபனி, புல்நுனியில் திரளும் நீர்த்துளி ஆகிய மூன்றையும் குறிக்கும். ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம் எனவும், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் எனவும் வழங்கப்படுகின்றன. வடிநிலத்தில் உறைபனி பொழிவதில்லை. ஆகவே இங்கு பனிக்கால மேடை என்பது ஊசியிலை மரங்களையும் பனி மனிதனையும் மட்டும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் சம்பா வயல்களின் மீது படியும் மூடுபனியையும் வாசல் கோலத்தையும் கருப்பொருளாகக் கொள்ளலாம். நீலத் துணியின் முன் வெள்ளை வேட்டிகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் மூடுபனித் தோற்றம் கிடைக்கும். விழா முடிந்தபின் அவற்றைத் துவைத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

தெர்மாகோலும் நெட்டியும்

பனித்தோற்றத்திற்கு நெடுங்காலமாகத் தெர்மாகோல் பயன்பட்டு வந்தது. 2021 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட நடுவண் அரசின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அலங்காரத்திற்கான தெர்மாகோல் 2022 சூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. நெகிழிக் கொடிகளும் இத்தடையில் அடங்கும்.

இதற்கு மாற்றாக அமையக்கூடியது நெட்டி. இது குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் ஒரு நீர்த்தாவரம். இதன் தண்டின் தோலைச் சீவினால் எடை குறைந்த, மென்மையான வெண்ணிற உட்பகுதி கிடைக்கிறது. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் இதைக் கொண்டு பெரிய கோயில் முதலியவற்றின் மாதிரிகளைச் செய்கின்றனர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020 இல் புவிசார் குறியீடு பெற்றது. நுண்ணிய சிற்ப வேலைப்பாடு விலை மிகுந்தது. ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்கு அணிவிக்கும் நெட்டிமாலை எளிய பொருள். சாயம் ஏற்றாத வெள்ளை நெட்டித் துண்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டால் பனி பொழிவது போல் தோன்றும்.

காகிதமும் கோலமும்

பனிப்படிகம் ஆறு கைகள் கொண்டது. வட்டமான காகிதத்தை முதலில் இரண்டாகவும், அடுத்து மூன்று சம பங்காகவும், பின் மீண்டும் இரண்டாகவும் மடித்தால் 12 அடுக்குகள் உண்டாகும். அதன் ஓரங்களை வெட்டி விரித்தால் ஆறு கைகளையுடைய வடிவம் கிடைக்கும். நான்காக மடித்து மறுபடியும் இரண்டாக மடிப்பது பரவலான தவறு. அதனால் ஆறு கைகள் உருவாவதில்லை.

இதே வடிவத்தை இடைப்புள்ளிக் கோலமாகவும் இடலாம். 4, 5, 6, 7, 6, 5, 4 என ஏழு வரிசைகளில் 37 புள்ளிகள் வைத்தால் அறுகோணம் அமையும். புள்ளிகளின் இடைவெளி 10 செ.மீ. எனில், வரிசைகளின் இடைவெளி ஏறத்தாழ 8.7 செ.மீ. இருக்க வேண்டும். மேடையின் தரையில் கோலமாவு கால்களை வழுக்கச் செய்யும். ஆதலால் நடனமாடும் இடத்தைத் தவிர்த்து நுழைவாயிலில் கோலம் இடுவதே ஏற்றது.

தீப் பாதுகாப்பு

பஞ்சு, காகிதம், உலர்ந்த நெட்டி, தென்னங்கீற்று ஆகிய அனைத்தும் எளிதில் தீப்பற்றுபவை. 1997 சூன் 7 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தலில் ஏற்பட்ட தீவிபத்தில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 2004 சூலை 16 இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் இறந்தனர். இவ்விரு நிகழ்வுகளும் ஒரே மாவட்டத்தில் நடந்தவை.

ஆகவே பள்ளி விழாக்களில் பின்வருவன கடைப்பிடிக்கத்தக்கவை:

* கீற்றுப் பந்தல் அமைக்காதிருத்தல்.
* வெப்பம் மிகுந்த விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்துதல்; அவற்றின் அருகிலும் பஞ்சு, காகிதம் வைக்காதிருத்தல்.
* குத்துவிளக்கு, மெழுகுவத்தி, கற்பூரம் ஆகியவற்றை அலங்காரத்திலிருந்து விலக்கி வைத்தல்.
* வெளியேறும் வழிகளைத் துணியாலோ தோரணத்தாலோ மறைக்காதிருத்தல். அவற்றின் கதவுகளைப் பூட்டாதிருத்தல்.
* மணல் வாளிகளையும் தீயணைப்பானையும் மேடைக்கு அருகில் வைத்தல்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குச் செலவு ஏதுமில்லை.