மருந்தும் நேர்த்தியும்



மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கென வெளிநாட்டிலிருந்து பேசாலைக்கோ தலைமன்னாருக்கோ வந்திருக்கும் மகன், காலைதோறும் நாவின் கீழே ஒரு சிறு குளிசையை வைத்துக் கரைய விடுகிறான். ஹெரோயினிலிருந்து மீண்டவன் அவன். “இன்னும் எத்தனை காலத்துக்கு?” என்று தாய் கேட்கிறாள். அன்னையின் சந்நிதியில் அதனை விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்ளும்படி உறவினர் வற்புறுத்துகின்றனர். நல்ல மனத்துடன்தான் சொல்கின்றனர். எனினும் இது ஆபத்தான நேர்த்தி.

அக்குளிசை புப்ரெனோர்பின். மெதடோன் என்னும் மருந்தும் இவ்வகையதே. மெதடோன் சிகிச்சையை 1960களில் நியூயோர்க்கில் வின்சென்ற் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர்கள் தொடங்கினர். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உரிய அளவில் உட்கொள்பவருக்கு இவை போதையூட்டுவதில்லை. உடலின் தவிப்பை அடக்குகின்றன. மலச்சிக்கல், வியர்வை போன்ற தொல்லைகளும் உண்டுதான்.

திடீரென நிறுத்தினால் தவிப்பு மீளும். உடலின் தாங்குதிறனோ நாளுக்கு நாள் குறையும். அந்நிலையில் மீண்டும் ஹெரோயினை நாடினால், முன்பு எடுத்த அதே அளவே மூச்சை நிறுத்திவிடக்கூடும். சலரோகத்துக்கு இன்சுலின் ஏற்றும் தந்தையிடம் இத்தகைய நேர்த்தியை நாம் கேட்போமா? சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் வைத்தியரையும் மருந்தையும் இறைவனின் படைப்பாகவே போற்றுகிறது. (பிற சபையினர் சிலரது விவிலியத்தில் இந்நூல் இல்லை; நம்முடையதில் உண்டு, வாசியுங்கள்.)

குறைப்பதா, தொடர்வதா என்பதை அவனும் வைத்தியரும் தீர்மானிக்கட்டும். அவன் மடுவுக்கு வரட்டும். குளிசைகளையும் எடுத்து வரட்டும். கூடாரத்தில் சிறு பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் அவற்றை வையுங்கள்.