வெந்நீர் குடியிருக்கும் தொட்டி

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் என்ற சிற்றூரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. சுமார் 77,000 பேர் வந்து போனார்கள். பூக்களோடு வீட்டுச் சாமான்களையும் கடை விரித்திருந்தார்கள். ஓர் அரங்கில், வாங்க நினைப்பவர்கள் பார்ப்பதற்காக, வெந்நீர்த் தொட்டி ஒன்று குமிழி கொப்பளிக்க ஓடிக்கொண்டிருந்தது. சில நாள்களுக்குள் அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நுரையீரல் அழற்சியோடு மருத்துவமனை சேர்ந்தார்கள். ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீரில் இறங்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் நடந்து போனதே போதுமானதாக இருந்தது.

காரணம், லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டில் பரவிய மர்மக் காய்ச்சலால் இதற்கு இந்தப் பெயர் வந்தது. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பான நீரில் இது செழிக்கும். வெந்நீர்த் தொட்டியை நாம் வைத்திருப்பதோ 38 டிகிரியில். குழாய்களின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான பாசிபோன்ற படலம் அதற்கு வீடாகிறது. மேலே வந்து வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளைக் காற்றில் தெறிக்கவிடுகிறது. அவை மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும்.

ஹாட் டப் எனப்படும் இந்த வெந்நீர்த் தொட்டியை முதன்முதலாக வாங்கப் போகிறவரிடம் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். குளியலறைத் தொட்டியில் குளித்ததும் நீரைத் திறந்துவிடுகிறோம். இதிலோ அதே நீர் மூன்று நான்கு மாதம் சூடாகவே குடியிருக்கிறது. எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி நீரைப் பற்றியது. வடிகட்டியைக் கையால் எளிதில் கழற்றிக் கழுவ முடியுமா? கடைசிச் சொட்டுவரை நீர் வடியுமா, குழாய் வளைவுகளில் தேங்கி நிற்குமா? பயன்படுத்தாத நேரத்திலும் பம்பு தானாக ஓடி நீரைச் சுழற்றுமா? குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஎச் 7.0க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். சூடும் குமிழிகளும் குளோரினை வேகமாகத் தீர்த்துவிடும். நீச்சல் குளத்தில் நாலு பேர் இறங்கினால் அதன் நீருக்கு ஒன்றும் தெரியாது. 1,200 லிட்டரில் நாலு பேர் உட்கார்ந்தால் அவர்களின் வியர்வையே மருந்தைத் தின்றுவிடும். சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் பொறுமை இல்லாத வீட்டுக்கு இந்தத் தொட்டி வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது மூடி. கடைக்காரர் நீரைப் பீய்ச்சும் முனைகளான ஜெட்களின் எண்ணிக்கையைச் சொல்வார். நீங்கள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். 1,200 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 38க்கு ஏற்ற ஏறக்குறைய 32 யூனிட் மின்சாரம் செலவாகும். இது ஒரு முறைச் செலவுதான். தினந்தோறும் காசைக் கரைப்பது ஆவியாதல். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். விளிம்பில் இடைவெளியின்றிப் பொருந்துகிற, உள்ளே தடித்த நுரைப்பஞ்சு உள்ள மூடி இதைத் தடுக்கிறது. பழைய மூடி கனத்துப் போயிருந்தால் பஞ்சு நீரைக் குடித்துவிட்டது என்று பொருள். அது இனி வெப்பத்தைக் காக்காது. கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் தொட்டிகளின் ஹீட்டர் பெரும்பாலும் ஒரு கிலோவாட் அளவுதான். அதற்கு அந்த 32 யூனிட்டைக் கொடுக்க ஒன்றரை நாள் ஆகிவிடும். பனிக்காலத்தில் மூடியைத் திறந்து உட்கார்ந்தால் இழப்புக்கு ஈடுகொடுக்காது. 240 வோல்ட் இணைப்பு, தகுதியுள்ள எலக்ட்ரீஷியன், நீரருகே மின்கசிவைக் கண்டு உடனே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகியவற்றின் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஜெட்களும் முக்கியம்தான். கலிஃபோர்னியாவில் குடியேறிய ஜக்குஸி என்ற இத்தாலியக் குடும்பம் பம்பு செய்துவந்தது. அக்குடும்பத்தின் கேண்டிடோ, மூட்டுவாதத்தால் துடித்த தன் சிறு மகனுக்காகத் தொட்டிக்குள் இறக்கக்கூடிய பம்பு ஒன்றை உருவாக்கினார். அது 1956இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் சொகுசின் வேரில் ஒரு தந்தையின் தவிப்பு இருக்கிறது. நீர் குறுகிய முனையில் விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து காற்றை உள்ளிழுக்கும், அதனால்தான் குமிழி. ஒரே பம்பின் ஓட்டத்தை அறுபது முனைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் தடவத்தான் செய்யும். இருபது முனைகள் முதுகைப் பிடித்துவிடும். இதைக் கடையிலேயே இறங்கி உட்கார்ந்து அறியலாம். நல்ல கடைகள் அனுமதிக்கின்றன. இறங்குமுன் அங்கும் குளோரின் அளவைக் கேளுங்கள். நீர் உடலை மேலே தூக்கும். உயரம் குறைந்தவர் இருக்கையில் நிலைக்கிறாரா, மிதந்து நழுவுகிறாரா என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கே வைப்பது? நீர் 1,200 கிலோ, தொட்டி 300, ஐந்து பேர் 350. மொத்தம் 1,850 கிலோ. இரண்டு மீட்டர் சதுரத்தில் இது சதுர மீட்டருக்கு 460 கிலோ. அமெரிக்க வீடுகளின் மரத்தளங்கள் வழக்கமாகச் சுமார் 195 கிலோவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. தரையில் போட்ட கான்கிரீட் மேடைதான் சரி. மாடி என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

40 டிகிரிக்கு மேல் சூட்டை ஏற்றவே கூடாது. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது; சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். மது அருந்தியிருந்தால் ஆபத்து பலமடங்கு. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரிடம் கேட்ட பிறகே இறங்க வேண்டும். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால், பூட்டுள்ள மூடி இல்லாத தொட்டியை வாங்கவே வேண்டாம்.