முற்பணம் கொடுக்க முன்னர் கணக்கைப் பாருங்கள்

வீட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் சமையலறையே கூடிய செலவை விழுங்கும் இடம் என்பதை வீடு கட்டியோர் அனைவரும் அறிவர். படுக்கையறை ஒன்றைத் திருத்துவதாயின் சிறிது சீமெந்தும் வர்ணப்பூச்சும் மின்குமிழும் போதுமானவை. சமையலறையிலோ தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, புகை, ஈரம், கறையான் ஆகிய யாவும் ஒரு சிறிய இடத்தில் ஒன்றுசேர்கின்றன. மேசன், தச்சர், குழாய் பொருத்துபவர், மின்னிணைப்பாளர் என நால்வர் ஒருவர் பின் ஒருவராக வந்துபோக வேண்டிய வேலை இது. ஒருவர் பிந்தினால் ஏனைய மூவரும் பிந்துவர். ஒருவர் பிழைவிட்டால் மற்றவர் செய்து முடித்ததை உடைக்க நேரிடும்.

பலகை அலுமாரிகளும் கருங்கல் மேற்தளமும் கொண்ட ‘பென்ட்ரி’ சமையலறைகளை அமைக்கும் நாட்டம் இன்று நகரங்களில் மட்டுமன்றி கிராமங்களிலும் காணப்படுகின்றது. வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பும் பணம், ஓய்வுபெறும்போது கிடைத்த தொகை, சீட்டுப்பணம், பிள்ளையின் திருமணத்துக்கெனச் சேர்த்ததில் ஒரு பங்கு எனப் பல வழிகளிலும் திரட்டப்படும் பணமே இதற்குச் செலவாகின்றது. அப்பணத்தின் கணிசமான பகுதி, வேலை தொடங்கும் முன்னரே முற்பணம் என்ற பெயரில் கைமாறிவிடுகின்றது. எழுத்தில் எதுவுமின்றிக் கொடுக்கப்படும் முற்பணத்தை மீளப்பெறுவது எத்துணை கடினமானது என்பதைப் பட்டறிந்தோர் நன்கறிவர். ஆகவேதான், வழங்குநரைத் தெரிவு செய்தல், செலவைத் திட்டமிடல் ஆகிய இரண்டையும் பற்றிச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

முதலாவதாகத் தீர்மானிக்கப்பட வேண்டியது, இச்சமையலறை யாருக்காக என்பதாகும். கடையில் மாதிரியைப் பார்த்துத் தெரிவு செய்பவர் ஒருவராகவும் நாள்தோறும் அங்கு நின்று வேலை செய்பவர் வேறொருவராகவும் இருப்பது எமது வீடுகளில் வழமையாகிவிட்டது. மேற்தளத்தின் உயரத்தை, சமைப்பவரின் முழங்கை மட்டத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் வரை தாழ்வாக அமைத்தால் முதுகுவலி குறையும். கடைக்காரரிடமுள்ள ஒரே அளவை எல்லோருக்கும் பொருத்துவது தவறு. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் ஏற்றும் பெரிய பானைகளுக்கு எங்கே இடம், நோன்பு காலத்தில் பலருக்குச் சேர்த்துச் சமைக்க அடுப்பருகே எவ்வளவு வெளி தேவை, திருவலையில் தேங்காய் துருவ எங்கே இருப்பது என்பனவற்றை வீட்டுப் பெண்களிடம் கேட்டறிந்த பின்னரே வரைபடம் வரையப்பட வேண்டும்.

விறகடுப்பை முற்றாக இடித்துவிடுவது புத்திசாலித்தனமா என்பதும் சிந்திக்கத்தக்கது. 2022 ஆம் ஆண்டில் எரிவாயு சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடலாகாது. புகைபோக்கியுடன் கூடிய விறகடுப்பொன்று வெளிப்புறத்தில் இருந்த வீடுகள் அன்று ஓரளவு தப்பிப்பிழைத்தன. இதேபோன்று 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயுக் கசிவினால் வெடிப்புகளும் தீயனர்த்தங்களும் இடம்பெற்றன. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து செல்லாமல் நிலத்தோடு தேங்கி நிற்கும். எனவே அழகுக்காகச் சிலிண்டரைக் காற்றோட்டமற்ற அலுமாரிக்குள் பூட்டி வைக்கும் வடிவமைப்பை எவர் முன்வைத்தாலும் அதனை நிராகரிக்க வேண்டும்.

அடுத்தது செலவுத் திட்டம். பொதுவாக மக்கள் அலுமாரியின் விலையைக் கேட்டுவிட்டு, அதுவே முழுச்செலவு என எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அலுமாரி, மொத்தச் செலவின் ஒரு பகுதியே. உதாரணமாக, ஒரு குடும்பம் பத்து இலட்சம் ரூபாவை இதற்கென ஒதுக்கியுள்ளது என வைத்துக்கொள்வோம். முதலில் அதில் 1,50,000 ரூபாவை எதிர்பாராத செலவுக்கெனப் புறம்பாக வைத்துவிட வேண்டும். எஞ்சிய 8,50,000 ரூபாவில் அலுமாரிக்கும் மேற்தளத்துக்கும் 3,80,000, தரைக்கும் சுவருக்குமான டைல்ஸ் வகைகளுக்கு 1,40,000, உடைத்தல் மற்றும் மேசன் கூலிக்கு 1,20,000, தண்ணீர் மற்றும் கழிவுநீர்க் குழாய்களுக்கு 80,000, மின்னிணைப்புக்கு 70,000, கழுவுதொட்டி மற்றும் குழாய்வாய்களுக்கு 60,000 எனப் பிரிக்கலாம். இத்தொகைகள் இடத்துக்கிடம் மாறுபடும். ஆயினும் பங்கீடு செய்யும் முறை மாறாது. ஒதுக்கி வைத்த தொகையை ஆரம்பத்திலேயே தொடுவோர், பழைய குழாய் உக்கிப்போயிருப்பது தெரியவரும்போது கடன்படுவதைத் தவிர வேறு வழியின்றித் தவிப்பர்.

பணம் போதாத இடத்தில் எதைக் குறைப்பது என்பதிலும் ஒழுங்கு இருத்தல் வேண்டும். சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் மறையும் குழாய்களிலும் மின்கம்பிகளிலும் சிக்கனம் பார்க்கலாகாது. ஏனெனில் பின்னர் அவற்றைத் திருத்துவதற்கு மேலே ஒட்டியவற்றை உடைக்க வேண்டும். மேல் அலுமாரிகளையோ கதவுகளையோ அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதால் நட்டமில்லை. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ சரியாக இயங்குகின்றதா என்பதை, புதிய உபகரணங்களைப் பொருத்த முன்னர் பரிசோதிப்பதும் அவசியமாகும்.

மூலப்பொருளைத் தெரிவு செய்வதில் எமது காலநிலையைக் கருத்திற்கொள்ள வேண்டும். எம்.டி.எப். எனப்படும் அமுக்கப்பட்ட பலகை பார்வைக்கு அழகானது. எனினும் அதன் வெட்டுமுனை வழியே நீர் உட்புகுந்தால் ஊதிப் பெருத்துவிடும். கழுவுதொட்டியின் கீழ்ப்பகுதிக்கு அது உகந்ததன்று. அலுமினியத்தைக் கறையான் அரிக்காது, ஈரத்துக்கும் அது ஈடுகொடுக்கும். ஆனால் கரையோரங்களில் உப்புக்காற்று பிணைச்சல்களையும் ஆணிகளையும் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், அவை துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவையா எனக் கேட்டறிய வேண்டும். வளவில் நிற்கும் பலாமரத்தைத் தறித்து அலுமாரி செய்யலாம் என எண்ணுவோர், சொந்தக் காணியில் நின்றாலும் அம்மரத்தை வெட்டுவதற்கு அனுமதி பெறுதல் வேண்டும் என்பதை மனதிற் கொள்ள வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு 1951 ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது. கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் முதலில் நாடுவதே முறை.

இனி வழங்குநரைத் தெரிவு செய்யும் விடயத்துக்கு வருவோம். குறைந்தது மூவரிடமாவது விலைக்கோரல் பெறவேண்டும் என்பது பலரும் கூறும் அறிவுரை. ஆனால் மூன்று தாள்களையும் அருகருகே வைத்தால் மட்டும் ஒப்பீடு செய்துவிட முடியாது. ஒருவர் நீள அடிக்கு விலை கூறுவார், இன்னொருவர் சதுர அடிக்குக் கூறுவார். ஒருவரின் விலையில் மேற்தளமும் பொருத்துக்கூலியும் போக்குவரத்தும் அடங்கியிருக்கும், மற்றவரின் விலையில் அவை இரா. கீழ் அலுமாரி 12 அடி நீளமும் 2¾ அடி உயரமும் கொண்டதாயின், அதன் முகப்பு 33 சதுர அடி. இவ்வாறு நாமே அளந்து, ஒரே அளவு, ஒரே பலகை வகை, ஒரே பொருத்து வகை என்ற அடிப்படையில் மூவரிடமும் மொத்தத் தொகையைக் கேட்டால் மாத்திரமே உண்மையான வித்தியாசம் புலப்படும்.

இதில் வரியும் கவனிக்கப்பட வேண்டியது. ‘வற்’ எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ளது. ஆறு இலட்சம் ரூபா விலைக்கோரலின் அடியில் சிறிய எழுத்தில் ‘வரி நீங்கலாக’ என்றிருந்தால், மேலும் 1,08,000 ரூபா செலுத்த வேண்டியிருக்கும். அதேவேளை, இவ்வரிக்கெனப் பதிவு செய்தவர் மாத்திரமே அதனை அறவிட முடியும். பற்றுச்சீட்டில் பதிவிலக்கம் உள்ளதா எனப் பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

விலைக்கோரல் எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. பிணைச்சல், குழாய்வாய், மின் உபகரணம் போன்ற இறக்குமதிப் பொருட்களின் விலை அதனோடு ஏறியது. முற்பணம் பெற்ற பின்னர் விலை ஏறினால் அதனை யார் தாங்குவது என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டோரிடம் விடை இருக்கவில்லை. டைல்ஸ் வாங்கும்போதும் கணக்குத் தேவை. 120 சதுர அடித் தரைக்கு, 2 அடிக்கு 2 அடி அளவில் 30 டைல்ஸ் போதும். வெட்டுதலிலும் உடைவிலும் வீணாவதற்கு மேலும் மூன்றைச் சேர்த்து, ஒரே தொகுதி இலக்கத்தில் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். பின்னர் வாங்கினால் நிறம் ஒத்துவராது.

வழங்குநர் முன்னர் வேலை செய்த இரண்டொரு வீடுகளுக்கு நேரிற் சென்று பார்ப்பதைப் போன்ற சான்று வேறில்லை. கடந்த மாதம் முடித்த வீட்டைக் காட்டிலும் இரண்டு மழைக்காலங்களைக் கண்ட வீட்டைப் பார்ப்பதே மேலானது. கதவு தொங்கியிருக்கின்றதா, தொட்டியின் கீழ்ப்பலகை ஊதியிருக்கின்றதா, பழுது ஏற்பட்டபோது அழைத்தால் வந்தாரா என்பனவே கேட்கப்பட வேண்டிய கேள்விகளாகும். உறவினர், ஊரவர், ஒரே பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்ற நம்பிக்கையில் எழுத்தைத் தவிர்ப்பதும் எம்மிடையே உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனே பணிக்கின்றது. எழுதிக்கொள்வதை அவநம்பிக்கையாகக் கருதத் தேவையில்லை. உறவு முறியாமல் காப்பதும் அதுவே.

அவ்வெழுத்து, நாம் வாசித்து விளங்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும் என்பதை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சிடப்பட்ட படிவத்தில் விளங்காமல் ஒப்பமிடுவோர் பலர். பொருளின் வகை, அளவு, தொகை, முடிக்கும் திகதி, உத்தரவாதக் காலம், பிந்தினால் என்ன செய்வது என்பனவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிட்டால் போதுமானது.

கொடுப்பனவைப் பொறுத்தவரை, வேலை எவ்வளவு முன்னேறியுள்ளதோ அவ்வளவுக்கே பணமும் செல்ல வேண்டும். ஒப்பந்தத்தின்போது கால்வாசி, பொருட்கள் வீட்டுக்கு வந்திறங்கியதும் மேலும் ஒரு பகுதி, பொருத்தி முடிந்ததும் இன்னொரு பகுதி என்று வகுத்து, இறுதிப் பத்து சதவீதத்தை ஒரு மாதம் பாவித்துப் பார்த்த பின்னர் கொடுப்பது நியாயமானது. முழுத்தொகையையும் முன்கூட்டியே தந்தால் பெரும் கழிவு தருவதாகக் கூறுபவரிடம் எச்சரிக்கை வேண்டும். அதேவேளை, வழங்குநரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எமது அளவுக்கென வெட்டிய பலகையை அவர் வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே முற்பணமே தரமாட்டோம் என்பதும், வேலையின் நடுவே வடிவத்தை மாற்றிவிட்டுப் பழைய விலையிலேயே முடிக்கக் கோருவதும் முறையாகா.

கடன் பெற்றுச் செய்வோர் வட்டியின் தன்மையை அறிந்திருத்தல் வேண்டும். ஐந்து இலட்சம் ரூபாவை மூன்று ஆண்டுகளுக்கு ‘15 சதவீத நிலையான வட்டி’ என்று பெற்றால், வட்டி மாத்திரம் 2,25,000 ரூபா. மாதத் தவணை ஏறக்குறைய 20,139 ரூபா. முதல் குறைந்து வந்தாலும் வட்டி முழுத்தொகைக்கும் கணிக்கப்படுவதால், குறைந்துசெல்லும் நிலுவையின் அடிப்படையில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 26 சதவீத வட்டிக்குச் சமனாகும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்களுக்கு இஸ்லாமிய வங்கி முறையின் முராபஹா வசதி உண்டு. அதில் நிதி நிறுவனமே பொருளை வாங்கி, தனது இலாபத்தை வெளிப்படையாகக் கூறி எமக்கு விற்கின்றது. அதனால் நாம் பொருளை வாங்கிவிட்ட பின்னர் விண்ணப்பிப்பதிற் பயனில்லை. பொருளின் விலையும் கூலியும் வெவ்வேறாகக் காட்டப்பட்ட விலைக்கோரலை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஏமாற்றம் நேர்ந்தால் சட்டத்தின் துணை இருக்கவே செய்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம், பொருளோ சேவையோ கிடைத்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தின் ஊடாகவும் தொடர்புகொள்ளலாம். கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. பணப் பிணக்குகளை வழக்கறிஞர் செலவின்றிப் பேசித் தீர்ப்பதற்கு, 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைகளும் இயங்குகின்றன. ஆனால் எங்கு சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ஆவணமே. பற்றுச்சீட்டும் ஒப்பந்தத் தாளும் வங்கி வழியாகச் செலுத்தியதற்கான அத்தாட்சியும் கையிலிருந்தால் முறைப்பாட்டுக்கு வலுவிருக்கும்.

திருமணத்துக்கோ பெருநாளுக்கோ முன்னர் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமே பல குடும்பங்களை எழுத்தின்றிப் பணம் கொடுக்கத் தூண்டுகின்றது. வழங்குநர் கூறும் திகதிக்கு மேலும் ஒரு மாதத்தைக் கூட்டித் திட்டமிடுவோருக்கு அந்த அவசரம் இராது. பல ஆண்டு உழைப்பைக் கொட்டி அமைக்கும் சமையலறைக்காக, ஒரு வாரத்தை அளப்பதற்கும் விசாரிப்பதற்கும் எழுதுவதற்கும் செலவிடுவது ஒருபோதும் வீணாகாது என்பதே எமது கருத்தாகும்.