தம்புராவின் நூலும் தந்தியின் விதியும்

இசையரங்கிலே பாடகர் வாய் திறக்குமுன் தம்புரா ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றது. மீட்டப்படுவன நான்கு தந்திகளே. ஆயினும் அவற்றினூடே வேறு பல சுரங்களும் மிதந்து வருதலைக் கூர்ந்து கேட்போர் உணர்வர். அவை எங்ஙனம் பிறக்கின்றன என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

இருமுனையும் கட்டுண்ட தந்தியை மீட்டும்போது எழும் அலைகள், முனைகளில் மோதித் திரும்பி, எதிர்வரும் அலைகளுடன் கலக்கின்றன. அக்கலப்பினால் உண்டாவதே நிலையான அலை. அதிலே அசைவற்று நிற்கும் இடங்களைக் கணுக்கள் என்பர். தந்தி முழுவதும் ஒரே வளையமாக அதிரும்போது அடிப்படைச் சுரம் எழுகின்றது. அது செக்கனுக்கு 120 அதிர்வாயின், இரண்டு வளையங்களாகப் பிரியும்போது 240, மூன்றாகப் பிரியும்போது 360 என மீடிறன் உயரும். இவை இசையங்கள் எனப்படும். ஒரே தந்தி இவை பலவற்றையும் ஒருங்கே ஒலிக்கவல்லது.

மீட்டும் இடத்திலே கணுவுடைய இசையங்கள் எழமாட்டா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. தந்தியைச் சரிநடுவில் மீட்டினால் இரண்டாம், நான்காம் இசையங்கள் தோன்றலாகாது. உடனே அந்நடுவிடத்தை விரலால் மெல்லத் தொட்டால், எஞ்சியவையும் அடங்கித் தந்தி ஊமையாதல் வேண்டும்.

ஆனால் வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்குவதில்லை என்பதை 1921ஆம் ஆண்டிலே சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார். எழக்கூடாத இசையங்களே அவற்றில் வலிமையாக ஒலித்தன!

விதி பொய்த்துவிட்டதா? அன்று. தந்தியின் முனை ஓரிடத்தில் உறுதியாக நிற்கும் என்பது அவ்விதியின் நிபந்தனை. தம்புராவின் குதிரையோ அகன்று, சற்றே வளைந்திருப்பது. அதன்மீது தந்தியின் கீழே ஒரு மெல்லிய நூலை இடுவர். 'ஜீவா' என்பது அதன் பெயர். அதிருந்தோறும் தந்தி குதிரையைத் தொட்டும் விலகியும் செல்வதால், அடிப்படை அதிர்வின் சத்தி உயர்ந்த இசையங்களுக்குப் பாய்கின்றது. நூலை மயிரிழையளவு நகர்த்தினும் நாதத்தின் நிறம் மாறுவதைச் சுருதி சேர்ப்போர் நன்கறிவர்.

சமன்பாடு எதனையும் கல்லாத கைவினைஞர், தம் செவியையே கருவியாகக் கொண்டு அந்நூலுக்குரிய இடத்தைக் கண்டனர். அறிவியல் பயிலும் மாணவர் விதியை மனனஞ் செய்வதோடு அமையாது, அது எந்நிபந்தனையின்கீழ்ப் பொருந்தும் என்பதையும் உசாவுதல் வேண்டும். தம்புரா கிடைக்குமாயின், நடுவில் மீட்டி, நடுவிலேயே தொட்டுத் தாமே கேட்டறிவாராக.