பட்டா மட்டும் போதுமா? நில வழக்குத் தீர்ப்புகள் விவசாயிக்குச் சொல்வது

திருத்தணி வட்டாரத்தில் நெல் வயல், கரும்புத் தோட்டம், நிலக்கடலைக் கொல்லை, மாந்தோப்பு ஆகியவற்றின் நடுவே இப்போது வெள்ளையடித்த மனைக்கற்களும் நிற்கின்றன. சென்னை - திருப்பதி சாலையும் ரயில் பாதையும் இவ்வழியே செல்வதால் நிலத்தின் விலை ஏறிவிட்டது. விலை ஏறிய இடத்தில் வழக்கும் ஏறும். ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி பத்து ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடந்தால், தீர்ப்பு அவர் பக்கம் வந்தாலும் கையில் மிஞ்சுவது குறைவு. ஆகவே வழக்கில் வெல்லும் வழியைவிட வழக்கு வராமல் தடுக்கும் வழியே சிறு விவசாயிக்கு முக்கியம். கடந்த சில ஆண்டுகளில் சுப்ரீம் கோர்ட்டும் சென்னை ஐகோர்ட்டும் அளித்துள்ள தீர்ப்புகளைப் பார்த்தால் அந்த வழி தெளிவாகத் தெரியும்.

நான்கு காகிதம், நான்கு வேலை

"பட்டா என் பெயரில் இருக்கிறது, எனவே நிலம் என்னுடையது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இது பாதி உண்மைதான். நிலம் எப்படி வந்தது என்பதைச் சொல்வது மூலப் பத்திரம். அந்த நிலத்தின் மீது இதுவரை என்னென்ன பதிவுகள் நடந்துள்ளன என்று காட்டுவது வில்லங்கச் சான்று. யாரிடம் அரசு வரி வசூலிக்க வேண்டும் என்று குறிப்பது பட்டா. அந்தப் பசலியில் யார் என்ன பயிர் செய்தார் என்று எழுதுவது அடங்கல். இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும். ஒன்றை மட்டும் நம்பி மற்றதை விட்டவர்களே பெரும்பாலும் கோர்ட்டுப் படி ஏறுகிறார்கள்.

மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு 2021 செப்டம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது. வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம் செய்வது வரி வசூலுக்காக மட்டுமே. அதனால் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது, மற்றவரின் உரிமை போய்விடவும் செய்யாது. உரிமையில் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுதான் முடிவு செய்யவேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் பட்டா தவறாக மாறிவிட்டால் விவசாயி மனம் உடைந்துவிட வேண்டியதில்லை என்பது இதன் ஒரு பொருள். தன் பெயரில் பட்டா இருப்பதாலேயே கவலையற்று இருந்துவிடக் கூடாது என்பது மற்றொரு பொருள்.

பத்திரப் பதிவும் அப்படியே. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறார். விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இதையே கூறி, விற்பவரின் முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற 55-ஏ விதியின் முதற் பகுதி செல்லாது என்றது. பதிவுக்கு என்னென்ன காகிதம் தேவை என்பது சட்டத் திருத்தங்களால் மாறக்கூடியது. அதை அவ்வப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் "பதிவாகிவிட்டது, இனிப் பயமில்லை" என்ற எண்ணத்தை வாங்குபவர் விட்டுவிடுவது நல்லது.

எல்லைப் பகுதியின் தனிச் சிக்கல்

திருத்தணி பழைய கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த பகுதி. ஜமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு வந்தன. 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இப்பகுதியும் அங்கே சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், பட்டாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1997ல் திருவள்ளூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது.

இந்த வரலாறு விவசாயியின் டிரங்குப் பெட்டி வரைக்கும் வருகிறது. பாட்டன் காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருக்கலாம். அதில் சொல்லப்படும் மாவட்டமும் தாலுகாவும் இன்றைய பெயர்களோடு ஒத்துப் போகாமல் இருக்கலாம். 1979ல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. சில இடங்களில் பெயரும் பரப்பும் தவறாகப் பதிவாயின. கிராமக் கணக்கை வைத்திருந்த கர்ணம் பதவியும் 1980ல் ஒழிக்கப்பட்டுவிட்டதால் பழைய கணக்கை வாயால் விளக்கிச் சொல்வோரும் அருகிவிட்டார்கள்.

எனவே தெலுங்குப் பத்திரம் வைத்திருப்போர் அதைத் தகுந்தவரிடம் கொடுத்துத் தமிழில் மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சர்வே எண்ணுக்கும் புதிய உட்பிரிவு எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்து மூலம் பெற வேண்டும். புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் எடுத்து, நான்கு எல்லைகள் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் கிடைக்கும் வில்லங்கம் பல இடங்களில் பழைய ஆண்டுகளை எட்டுவதில்லை. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பெற வேண்டும்.

பவர் பத்திரம் கிரயம் ஆகாது

மனை போடும் தரகர்கள் விவசாயியிடம் முதலில் கேட்பது பவர் பத்திரம்தான். கொஞ்சம் முன்பணம், ஒரு ஒப்பந்தம், ஒரு பவர் என்று காரியம் முடிகிறது. சூரஜ் லாம்ப் கம்பெனி வழக்கில் 2011 அக்டோபர் 11ல் சுப்ரீம் கோர்ட்டு, பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை எழுதிக்கொள்வதால் நிலத்தின் உரிமை கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று தீர்ப்பளித்தது. வாங்குபவருக்கு இது எச்சரிக்கை.

விற்பவருக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. பவர் வாங்கியவர் அந்த அதிகாரத்தைக் கொண்டு மூன்றாம் மனிதருக்குக் கிரயம் செய்துவிட்டால் அது நில உரிமையாளரையே கட்டுப்படுத்தும். பணம் வரவில்லை என்று பின்னால் புலம்பிப் பயனில்லை. ஆகவே முழுப் பணமும் வருமுன் விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டு ரத்து செய்ய விரும்பினால் வக்கீலைக் கலந்து, பதிவு மூலம் ரத்து செய்து, பவர் பெற்றவருக்கு நோட்டீசும் அனுப்ப வேண்டும். பவர் பெற்றவருக்கு அந்த நிலத்தில் ஏற்கெனவே பணச் சம்பந்தம் இருந்தால் ரத்து செய்வது எளிதல்ல.

கிரயம் பதிவான பின் விற்றவர் மனம் மாறித் தானாகவே அதை ரத்து செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று சென்னை ஐகோர்ட்டின் முழு பெஞ்ச் 2011ல் சொல்லிவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று அதே கோர்ட்டு 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், பிறகு வரன்முறைத் திட்டம் வந்ததும் பலர் அறிந்ததே. அங்கீகாரம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் எழுத்து மூலமான உத்தரவைக் கேட்பது தவறல்ல.

சகோதரியின் கையெழுத்து

அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற நிலத்தில் பிறகு சகோதரி பங்கு கேட்டு வழக்குப் போடுவது இன்று அதிகம். மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு உண்டு, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டு 11ல் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட்டு டிக்ரியாலோ நடந்த பாகப்பிரிவினைகளுக்கு இதனால் பாதிப்பில்லை. வாய்ப் பேச்சாகப் பிரித்துக்கொண்டோம் என்பதைக் கோர்ட்டு எளிதில் ஏற்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மற்றொரு வழக்கில், 1956க்கு முன் உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுய சம்பாத்திய நிலமும் மகளுக்குச் சேரும் என்று 2022 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. வாங்கும் முன் வாரிசுச் சான்றைப் பார்த்து, பெண் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டுள்ளனரா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். விற்பவரும் சகோதரிக்கு உரியதைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் குடும்பமும் குலையாது.

பயிரே சாட்சி

அனுபவத்தில் இருக்கும் நிலத்தை ஆள் திரட்டி வந்து உழுதுவிட்டால் என்ன செய்வது? சாகுபடி நிலத்தில் ஒருவரது அனுபவம் நிலைபெற்றதா என்று பார்க்க அவர் அதில் பயிர் வைத்தாரா என்பது ஒரு அளவுகோல் என்று 1975ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பயிர் வைத்துவிட்டால் உண்மையான உரிமையாளரே ஆனாலும் அதை அழித்து, பலாத்காரமாக நிலத்தைப் பிடிக்கக் கூடாது. சட்டப்படியே வெளியேற்ற வேண்டும். 2003 டிசம்பர் தீர்ப்பு இதை உறுதி செய்தது. ஆனால் எப்போதோ வந்து போவது நிலைபெற்ற அனுபவம் அல்ல, சான்று காட்ட வேண்டும் என்று 2019 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொல்லப்பட்டது.

சான்று எங்கே இருக்கிறது? விவசாயியின் அன்றாட வாழ்விலேயே இருக்கிறது. அடங்கலில் தன் பயிர் சரியாக ஏறியுள்ளதா என்று ஒவ்வொரு பசலியிலும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்க வேண்டும். பசலி ஜூலை 1ல் தொடங்குகிறது. நிலவரி ரசீது, பம்பு செட்டு மின் இணைப்புக் காகிதம், கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க் கடன் புத்தகம், பயிர் காப்பீட்டு ரசீது, திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கரும்பு பதிவு செய்த சீட்டு ஆகிய எல்லாமே அனுபவத்துக்குச் சான்று. விதை வாங்கிய பில்லைக்கூடக் கிழித்தெறியாமல் ஆண்டு வாரியாக ஒரு கோப்பில் வைத்தால் அதன் மதிப்பு ஒருநாள் தெரியும்.

வெளியூரில் வேலைக்குச் சென்று, உறவினரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் விவசாயி அதை எழுத்தில் வைக்க வேண்டும். காவலாகவோ வேலையாளாகவோ இருந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை கோர முடியாது என்று 2012ல் கோவா வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. முறையான குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு தனியாக உண்டு.

எந்த வழக்கு, எப்போது?

தவறான வழக்குப் போட்டுப் பத்தாண்டு கழித்துத் தோற்பவர்கள் உண்டு. உரிமையிலேயே தகராறு எழுந்த பின் வெறும் தடை உத்தரவு கேட்டால் போதாது, நிலம் தன்னுடையது என்று விளம்புகை செய்யும்படியும் கேட்க வேண்டும் என்று 2008 மார்ச்சில் ஆந்திர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. காலக்கெடுவும் முக்கியம். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பப் பெற முடியும். விளம்புகை வழக்குக்கு, உரிமை கோரும் தேவை முதலில் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டு. உரிமையின் பேரில் நிலத்தை மீட்க 12 ஆண்டு. பட்டா மாறுதல் பற்றிய தாசில்தார் உத்தரவுக்கு ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடும், அதன் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு.

வாயால் வரும் வம்பு

நிலத் தகராறு அவதூறு வழக்காக மாறுவது இப்போது சாதாரணம். "இவன் நில மோசடிக்காரன்" என்று பேனர் வைப்பதும், செல்போன் குழுவில் போடுவதும், பஞ்சாயத்தில் கத்துவதும் மறுநாள் வக்கீல் நோட்டீசாகத் திரும்பி வருகின்றன. அவதூறைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று 2016 மே 13ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் முடிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் உள்ளது. 2 ஆண்டு வரை சிறை, அபராதம், சமூக சேவை ஆகியவை தண்டனைகள்.

ஆனால் இந்த நோட்டீசுக்குப் பயந்து, நியாயமான புகாரைக்கூடக் கொடுக்காமல் அடங்கிவிடும் ஏழை விவசாயிகளும் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது ஒன்று. அதிகாரம் உள்ள அலுவலரிடம் நல்லெண்ணத்தோடு ஒருவர் மீது குற்றம் சொல்வது அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்கு அளித்துள்ளது. மகாராஷ்டிரத்தில் ஆக்கிரமிப்புப் பற்றிக் கோட்ட அதிகாரியிடம் எழுதிக் கொடுத்த மனுவுக்காக ஒருவர் மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கை, இந்த விலக்கைக் காட்டி 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடு விசாரித்துச் சொல்வது. ஆகவே மனுவில் சர்வே எண், தேதி, நடந்த செயல், இணைத்துள்ள நகல்கள் ஆகியவை மட்டும் இருக்கட்டும். வசைச் சொல் வேண்டாம். ஒப்புதல் ரசீது வாங்க வேண்டும். தாசில்தாரிடம் கொடுத்த மனுவைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

ஜமாபந்திக்கு முன்

செலவுக்கு அஞ்சுவோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் மாவட்டத்திலும் தாலுகாவிலும் உள்ளன. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவச வக்கீல் கிடைக்கும். வரப்புத் தகராறும் பாதைத் தகராறும் லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவுக்கு மேல்முறையீடு இல்லை என்பதால் இரு தரப்புக்கும் அலைச்சல் தீரும்.

ஆண்டுதோறும் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிறது. அதற்கு முன் ஒருநாள் ஒதுக்கி, வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பட்டா, புல வரைபடம், அடங்கல், வில்லங்கம் ஆகியவற்றோடு வரிசையாக ஒப்பிட வேண்டும். பெயரிலோ பரப்பிலோ எல்லையிலோ வேறுபாடு கண்டால், தகராறு எழுமுன்பே திருத்த மனுக் கொடுக்க வேண்டும். வயலில் களை சிறிதாக இருக்கும்போது பிடுங்குவது போலத்தான் இதுவும். விலை கேட்டு ஆள் வந்த பிறகு தேடினால், காகிதம் கிடைத்தாலும் காலம் கிடைக்காது.